பதக்கத்தின் மறுபக்கம்

கடமைக்கும் குடும்பத்துக்கும் இடையே அகப்பட்ட பொலிஸ் அதிகாரியின் கதைக்குத் தமிழ்த் திரையில் முன்மாதிரியாக அமைந்த படங்களுள் ‘தங்கப்பதக்கம்’ (1974) முதன்மையானது. மகேந்திரன் எழுத, மேடையில் நாடகமாக நடிக்கப்பெற்ற இக்கதையை பி. மாதவன் திரைப்படமாக நெறிப்படுத்தினார். பொலிஸ் அத்தியட்சகர் சௌத்ரியாகத் தோன்றும் சிவாஜி கணேசனின் நடிப்பாற்றலில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. அந்நடிப்பு எத்தகைய நியாயத்துக்குத் துணைபோகின்றது என்பதே இங்கு எழும் வினா.

தவறிழைத்த சிறுவயது மகன் ஜெகனைச் சௌத்ரி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புகிறார். வளர்ந்து திரும்பும் மகன் தந்தையைப் பகைத்துக் குற்றவாளியாகிறான். நோயுற்ற மனைவி லட்சுமி இறக்கிறாள். ஈற்றில், நாட்டுக்குத் துரோகமிழைக்க முனையும் மகனைத் தந்தையே சுட்டு வீழ்த்துகிறார், பதக்கம் பெறுகிறார்.

கடமைக்காகக் குடும்பத்தைத் துறந்த தியாகியின் கதையாகவே இதனைப் பலரும் கொள்வர். நுணுகி நோக்கின் வேறோர் உண்மை புலப்படும். சௌத்ரி வீட்டில் இல்லாமையால் அக்குடும்பம் சிதையவில்லை; வீட்டிலும் அவர் பொலிஸ் அதிகாரியாகவே இருந்தமையாற் சிதைகின்றது. மகனுக்குத் தேவைப்பட்டவர் தந்தை, கிடைத்தவரோ நீதிபதி. இருவருக்கும் நடுவே நின்று, இயலாத சமநிலையைக் காக்க முயல்பவள் லட்சுமி. அவள் வீழ்ந்ததும் வீடும் வீழ்கின்றது. ஆயினும், இழப்பின் பெருமை முழுவதையும் படம் சௌத்ரியின் கணக்கிலேயே எழுதிவிடுகின்றது. அவளுக்குப் பதக்கம் ஏது?

இம்மரபு அத்துடன் முடிந்துவிடவில்லை. கௌதம் வாசுதேவ் மேனனின் ‘காக்க காக்க’ (2003), ‘வேட்டையாடு விளையாடு’ (2006) ஆகியவற்றில் நாயகர்களின் மனைவியர் பகைவராற் கொல்லப்படுகின்றனர். ‘என்னை அறிந்தால்’ (2015) படத்தில் மணக்கவிருந்தவள் கொல்லப்பட, அவளது மகளை வளர்ப்பதற்காக நாயகன் தொழிலையே விட்டு விலகுகிறான். ஒன்றில் குடும்பம் அழியவேண்டும். அன்றேல் தொழில் நீங்கவேண்டும். இரண்டையும் சுமந்து நாளாந்தம் வாழ்தல் எங்ஙனம் என்ற வினாவை இப்படங்கள் தவிர்த்துவிடுகின்றன. மனைவியின் மரணம் ஒரு வகையிற் கதாசிரியருக்கு வாய்த்த வசதியே.

கோவிந்த் நிகலானியின் ‘அர்த் சத்யா’ (1983) என்னும் இந்திப் படம் இவற்றினின்றும் வேறுபடுகின்றது. அதன் நாயகனான வெலங்கரின் தந்தை, மனைவியை அடித்துத் துன்புறுத்திய ஒரு கான்ஸ்டபிள். அதனைச் செயலற்றுப் பார்த்திருந்த சிறுவன், தந்தையின் வற்புறுத்தலாற் பொலிஸிற் சேர்ந்து, பின்னர் காவலிலுள்ள ஒருவனை அடித்தே கொன்றுவிடுகிறான். வீட்டின் வன்முறையும் நிலையத்தின் வன்முறையும் ஒன்றையொன்று வளர்ப்பதை அப்படம் ஆரவாரமின்றி உணர்த்துகின்றது. சௌத்ரியின் வீட்டில் ஒழுக்கமாகப் போற்றப்பட்ட அதிகாரம் இங்கு நோயாக இனங்காணப்படுகின்றது.

பெருநாளிலும் பிறர் வாசலிற் காவல் நிற்பவன், இரவுக் கடமை முடிந்து உறங்கும் பிள்ளையை மட்டும் காண்பவன், இடமாற்றந்தோறும் புதிய பள்ளிக்கூடம் தேடும் அவன் மனைவி: இவர்களின் வாழ்வு துப்பாக்கிச் சூட்டில் முடியும் சோகமன்று, முடிவின்றித் தொடரும் சோர்வு. அதனைச் சித்திரித்தல் சீருடையின் தவறுகளுக்கு மன்னிப்புக் கோருதலாகாது. வீட்டு வாசலிற் சீருடையைக் கழற்ற அறியாதவன் வீதியில் எவரை மனிதராகக் காண்பான்? இவ்வினாவை எழுப்பாத கலை எத்துணை கண்ணீரை வரவழைப்பினும், அது பதக்கத்தின் ஒரு பக்கத்தையே மினுக்குவதாகும்.