பச்சை குத்துதலும் நம் பிரசங்க மேடையும்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயத்திற்கு வரும் முதிய பெண்களின் முன்கைகளில், மங்கிய பச்சை நிறத்தில் கோலமும் தேளும், சிலவற்றில் சிலுவையும் காணலாம். வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று கலம்பகம் பாடிய ஊர் இது. இவ்வழக்கத்தை அஞ்ஞானம் என்று தள்ளி, லேவியராகமம் 19:28-ஐ ஆதாரமாகக் காட்டும் பிரசங்கங்களை நாம் பலகாலும் கேட்டு வருகிறோம். அவ்வாதாரம் ஆராயத்தக்கது.

அவ்வசனம் இறந்தோருக்காக உடலைக் கீறித் துக்கங்கொண்டாடும் முறையோடு சேர்த்தே அடையாளம் குத்துதலை விலக்குகிறது. அடையாளத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோ பழைய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. அதன் பொருளை அறுதியிடுவது எளிதன்று. முந்திய வசனம் தாடியின் ஓரங்களைக் கத்தரிக்கலாகாது என்கிறது. நன்கு சவரம் செய்த முகத்தோடு மேடையேறும் நாம் அதைப் பற்றி வாய்திறப்பதில்லை! ஏசாயா 49:16-இலோ கர்த்தரே தம் உள்ளங்கைகளில் சீயோனை வரைந்திருப்பதாகச் சொல்லுகிறார்.

நம் நாட்டில் இத்தொழிலைச் செய்தோர் பெரும்பாலும் குறத்தியர். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தியிலையையும் துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்துப் பிடித்த கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்துவர். நோவு மறக்கப் பாடுவர். தர்ஸ்டன் செய்முறையையும் உருவங்களையும் நுணுக்கமாகப் பட்டியலிட்டார். ஆனால் குத்திக்கொண்ட பெண் அதை என்னவென்று எண்ணினாள் என்பதற்கு அப்பட்டியலில் இடம் குறைவு. மனிதரை அளந்து பழகிய கண்ணுக்கு அது குறையாகத் தோன்றியிராது.

அப்பெண்ணின் எண்ணத்தையோ கிராமத்தில் எவரும் சொல்வர். சாகும்போது நகையெல்லாம் கழற்றப்படும். பச்சை ஒன்றே உடன் வரும். அடகுக் கடைக்குப் போகாததும், கணவன் இறந்தாலும் பறிக்கப்படாததுமான அணி அது. ஏழைப் பெண்ணுக்கு அது அற்பமன்று. அடக்க ஆராதனை நடத்தும் குருமார் இதை அறியாதிருத்தல் வியப்பே.

அடையாளத்தை இழிவாக்கியது பெரும்பாலும் அரசின் கையே. ஜப்பானில் எடோ காலத்தில் குற்றவாளியின் கரத்தில் குறி குத்தினர். அழகிய சித்திரமாகப் பச்சை குத்தும் கலையும் அதே காலத்தில் அங்கு வளர்ந்தது. பின்னர் 1872-இல் வந்த தடை 1948 வரை நீடித்தது. நம் நாட்டில் கம்பெனி ஆட்சி கைதிகளின் நெற்றியில் குற்றத்தைக் குத்தியெழுதிற்று. அது 1849-இல் ஒழிந்தது. ஆனால் 1871-இன் குற்றப்பரம்பரைச் சட்டம் ஊசியின்றியே அவ்வேலையைத் தொடர்ந்தது. 1911-க்குப் பின் சென்னை மாகாணத்தில் குறவரும் அதற்குள் அகப்பட்டனர். தெலுங்கு நாட்டில் எருகுலர் எனப்படும் அவர்தம் இனத்தாருக்கென ஸ்டூவர்ட்புரத்தில் அமைந்த குடியேற்றத்தை நடத்தியது இரட்சணிய சேனை. அதாவது, புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களாகிய நாமே.

அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடெங்கும் 1952-இலும் நீங்கிற்று. அதுவரை, குத்திய பச்சையைப் பாவமென்ற நம் மேடைகள், குத்திய பெண்களின் குலத்தின்மேல் எழுதப்பட்ட இவ்வடையாளத்தைக் குறித்து என்ன பேசின என்பதை இறையியல் மாணவர் பழைய சபைப் பத்திரிகைகளில் தேடிப் பார்க்கட்டும்.