கைதட்டல் கிளாஸ்கோவில், அரைப்பேர் மலையகத்தில்

2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போன ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியதை இலங்கையின் சாதனையாக அங்கே எடுத்துச் சொன்னார். ஒரு மாதம் ஆகுமுன்பே அவருடைய அரசாங்கம் அந்தத் தடையைக் கைவிட்டது.

பசளை மீதான முறைப்பாடு பொய்யல்ல. மானிய யூரியாவைத் தேவைக்கு மேல் அள்ளிக் கொட்டினோம். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடக்கிறது. பசளையிட்ட மண்ணிலிருந்து கிளம்பும் நைதரசு ஒட்சைட்டு, காபனீரொட்சைட்டை விடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இதையெல்லாம் விடாமல் சொல்லிவந்தவர்கள் சூழல் ஆர்வலர்கள்தான். 2019இன் கொழும்புப் பிரகடனமும் நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாக்கத்தான் கேட்டது; ஒரே இரவில் பூச்சியமாக்க அல்ல.

என் ஐயம் அவர்கள் தேடிய குறுக்குவழி மீது. விவசாயியை இணங்க வைக்கப் பல போகங்கள் வேண்டும். ஆட்சியாளரின் காதைப் பிடிக்க ஒரு சந்திப்புப் போதும். 2015இல் அத்துரலியே ரத்தன தேரர் போன்றோரின் நெருக்குதலில் கிளைபோசேட் களைகொல்லி தடையானது. விவசாயிகளைப் பீடித்த சிறுநீரக நோய்க்கு அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. தோட்டங்களில் புல் மண்டியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். ஏன் பிழைத்தது என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பசளையைத் தடைசெய்த 2021 மே மாத வர்த்தமானி அவ்வளவு சுலபமாக வந்திராது.

கோட்டாபயவின் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்தாண்டு என்றிருந்த சேதன விவசாய மாற்றம் ஒரே வர்த்தமானியில் முடிந்தது. பசளைக்கு ஆண்டுதோறும் போன சுமார் 40 கோடி டொலர் திறைசேரியில் இல்லை என்பதும் ஒரு காரணம். வெறும் கஜானாவுக்குப் பச்சைச் சாயம் பூசப்படுவது தெரிந்தும் சூழல் இயக்கத்தவர் பலர் கைதட்டினர். எச்சரித்த பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பேயை விவசாய அமைச்சு தன் குழுக்களிலிருந்து நீக்கியது.

கொழும்பிலும் நஞ்சில்லா உணவு என்றால் மறுப்பவர் எவர்? பொரளைச் சந்தையில் கால் கிலோ கேட்டுப் பழகியவர்கள் கரட்டை 100 கிராமாக நிறுத்து வாங்கியபோதுதான் நமக்கு உறைத்தது. எங்களுக்குத் தடை என்பது விலை. மலையகத்தில் அது பேர். தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் எழுத்தில் வந்தது அதே 2021இல். சொன்ன கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். பசளை காணாத செடி எங்கிருந்து கொழுந்து கொடுக்கும்? 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு சுமார் 25 கோடிக்கு இறங்கியது. 2021/22 பெரும்போக நெல் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது.

இதைத் தூக்கிக்கொண்டு, காலநிலைப் பேச்சே ஒரு நாட்டைக் கவிழ்த்தது என்று வெளிநாட்டில் எழுதுகிறவர்களையும் நம்புவதற்கில்லை. 2019இன் வரிக்குறைப்பும், கொரோனாவில் முடங்கிய சுற்றுலாவும், தலைக்கு மேல் ஏறிய கடனும் அவர்கள் கதையில் வருவதே இல்லை.

அடுத்து மன்னார் தீவிலும் அதே கதை. காற்றாலை காலநிலைக்கு நல்லது என்கிறது ஆட்சி. வெள்ளம் வடியும் வழியும் வலசைப் பறவைகளின் பாதையும் அடைபடும் என்கிறார்கள் தீவின் மீனவர்கள். 2025 ஓகஸ்டில் அவர்கள் வீதியில் நின்றபோது, கொழும்பின் காலநிலை மேடைகளில் அவர்களுக்கு எத்தனை நாற்காலி போட்டிருந்தோம்?