பந்தை விட்டுவிட்டு இந்துமதியைப் பாருங்கள்

மகளிர் கால்பந்து என்றால் பலருக்கும் மணிப்பூர்தான் நினைவுக்கு வரும். திண்டிவனத்தில் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்திய அணியின் நடுக்களத்தைப் பல ஆண்டுகள் தாங்கிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். முன்களத்தில் ஆடும் சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிக்காரர். இருவருமே மதுரையின் சேது எஃப்.சி.க்காக ஆடியவர்கள். 2018-இல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதிச் சுற்றில் சேதுவோடு கடலூரின் இந்திரா காந்தி அகாடமியும் களத்தில் இருந்தது. தமிழ்நாடு மாநில அணி தேசியப் பட்டத்தை 2018-இலும் 2023-இலும் வென்றது. நம் பக்கத்துப் பெண்களின் ஆட்டம் இது.

எந்த அணி வென்றாலும் சரி என்று பொதுவாகப் பார்ப்பவருக்கு ஒரு சீசனின் சுவை பிடிபடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு கிளப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நான் சேதுவைச் சொல்வேன். 2016-இல் தொடங்கி, நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அணியில் இருந்த 2019-ஆம் ஆண்டு, லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கிய கிளப் அது.

கிளப்பை எடுத்துக்கொண்டபின் அதில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கோல் அடிப்பவர் வேண்டாம். அவரை எல்லோரும் பார்ப்பார்கள். நடுக்களத்தில் ஆடும் ஒருவர். பழகிக்கொள்ள இந்துமதி ஆடிய பழைய ஆட்டம் ஒன்றின் பதிவு கிடைத்தால் போதும். முதல் பத்து நிமிடம் பந்தை மறந்து அவரை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னே எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார்? வாங்கும்போது உடம்பு எதிரணிக் கோலை நோக்கி இருக்கிறதா, தன் கோலை நோக்கியா? ஒரே தொடுதலில் அனுப்புகிறாரா, நிறுத்தி யோசிக்கிறாரா? பாஸ் போனபின் நின்றுவிடுகிறாரா, அடுத்த காலி இடத்துக்கு நகர்கிறாரா? நல்ல மிட்ஃபீல்டரின் வேலை பாதிக்குமேல் பந்து காலில் இல்லாத நேரத்தில்தான் நடக்கிறது. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் 0-0 ஆட்டம்கூட அலுக்காது.

அடுத்து, புள்ளிப் பட்டியல். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கணக்கு ஆட்டத்தின் போக்கையே மாற்றுவதைப் பார்க்க 2022 மே 26-ஐவிடச் சிறந்த நாள் இல்லை. புவனேஸ்வரில் நடந்த லீக்கில் 12 அணிகள், அணிக்கு 11 ஆட்டம். சேதுவும் கோகுலம் கேரளாவும் தலா பத்து ஆட்டம் ஆடி, பத்தையும் வென்று, கடைசி ஆட்டத்தில் நேருக்கு நேர் வந்தன. கோல் வித்தியாசத்தில் கோகுலம் முன்னால் இருந்தது. அவர்களுக்கு டிரா போதும், சேது வென்றே ஆக வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் ரேணு ராணி சேதுவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு ஆஷாலதா தேவி, கானாவின் எல்ஷடாய், மனிஷா கல்யாண் என்று கோகுலத்தின் மூன்று கோல்களும் இடைவேளைக்கு முன்பே விழுந்துவிட்டன. 3-1. ஒரே ஒரு தோல்வி, பட்டம் போயிற்று. சேதுவின் முந்தைய பத்து வெற்றிகளைத் தொடர்ந்து வந்தவருக்கு மட்டுமே அந்த மாலையின் முழுக் கனமும் தெரியும். வெறும் ஸ்கோரை மறுநாள் படித்தவருக்கு அது ஒரு வரிச் செய்தி. நம் பத்திரிகைகள் பெரும்பாலும் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்குத் தீராத வருத்தம்.

அந்த சீசன் சுமார் ஆறு வாரத்தில், கோடை வெயிலில், ஒரே ஊரில் முடிந்தது. அப்படிப்பட்ட போட்டியில் கடைசி இருபது நிமிடங்களைக் கவனிக்க வேண்டும்: யார் கால் தளர்கிறது, பயிற்சியாளர் யாரை மாற்றுகிறார், முன்னேறிப் போன விங்-பேக் திரும்பி ஓடி வருகிறாரா என்று. 2023-24-இல் லீக் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று இரு சுற்றாக, மாதக்கணக்கில் நடந்தது. ஏழு அணிகள், அணிக்கு 12 ஆட்டம். அப்படி நடக்கும்போது சுவை வேறு. ஒரே எதிரணியை இரண்டாம் முறை சந்திக்கும்போது முதல் தோல்வியிலிருந்து என்ன மாற்றினார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. இதற்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய பதினொரு பேர், கோல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கார்னரில் யார் யாரைப் பிடித்து நின்றார்கள். இவ்வளவு எழுதினால் போதும்.

லீக் ஆட்டங்களை அலைபேசியில் பார்க்கிறோம். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், மற்றவர்கள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். ஆகவே பக்கத்தில் பள்ளி மாணவியர் போட்டியோ மாவட்ட ஆட்டமோ நடந்தால் நேரில் போங்கள். நடுக்கோட்டுக்கு நேராக நிற்க வேண்டாம். கோல் கம்பத்துக்குப் பின்னால், சற்று ஓரமாக நில்லுங்கள். பின்களத்து நால்வருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, அது எப்போது விரிகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். கோல்கீப்பர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர்களை இடம் வலம் நகர்த்துவதும் அங்கே நன்றாகக் கேட்கும்.