மணிமுடி யாருக்கு? 'பொன்னியின் செல்வன்' திரைவடிவமும் வாசகர் ஏமாற்றமும்

முன்னுரை

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1954ஆம் ஆண்டு மே வரை 'கல்கி' வார இதழில் தொடராக வெளிவந்தது. ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களும் கொண்ட இப்புதினத்தைத் திரைப்படமாக்க 1958இல் எம்.ஜி.ஆர். முயன்றார், அம்முயற்சி நிறைவேறவில்லை. இறுதியில் மணிரத்னம் இதனை இரு பாகங்களாக இயக்கி, முதற்பாகத்தை 2022 செப்டம்பர் 30ஆம் நாளிலும் இரண்டாம் பாகத்தை 2023 ஏப்ரல் 28ஆம் நாளிலும் வெளியிட்டார். மலேசியத் திரையரங்குகளிலும் இவை திரையிடப்பட்டன.

முதற்பாகத்தைப் பெருமளவு வரவேற்ற வாசகர்களுள் பலர் இரண்டாம் பாகத்தைக் கண்டபின் மனக்குறையோடு பேசினர். 'இது கல்கியின் கதை அன்று' என்பதே அக்குறையின் சுருக்கம். இதனை வெறும் பழமைப்பற்று என்று ஒதுக்குவோரும் உண்டு. இயக்குநர் இழைத்த பிழை என்று முடிவு கட்டுவோரும் உண்டு. இவ்விரண்டும் அவசர முடிவுகளே. ஏமாற்றம் என்பது ஒரு வாசிப்பின் சான்று. எதனை இழந்ததாக வாசகர் உணர்கிறார் என்று ஆராய்ந்தால், அவர் புதினத்தில் எதனைக் கண்டிருந்தார் என்பது புலப்படும். அந்நோக்கில், திரைப்படம் செய்த மாற்றங்களுள் எவற்றின்மீது வாசகர் குறைகூறுவது தகும், எவற்றின்மீது தகாது என்பதை வகுத்துக்காண இக்கட்டுரை முயல்கிறது.

தொடர்கதை தந்த உரிமை

'பொன்னியின் செல்வன்' வாசகர் மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் காத்திருந்து படித்தவர். ஓவியர் மணியம் தீட்டிய படங்களோடு இதழ்ப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துக் கட்டடம் செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. வந்தியத்தேவனின் தோற்றமும் குந்தவையின் கொண்டையும் மணியத்தின் கோடுகளாகவே அவர்கள் மனத்தில் பதிந்தன. ஆகவே திரைப்படம் வெளிவருவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்னரே இக்கதைக்கு ஒரு காட்சிவடிவம் வாசகர் உள்ளத்தில் உருவாகிவிட்டது. எந்த நடிகரும் முதலில் அவ்வுருவத்தோடுதான் போட்டியிட வேண்டியிருந்தது.

கதைமுடிவு பற்றிய மனக்குறையும் திரைப்படத்தோடு தோன்றியதன்று. தொடர் முடிவுற்றபோதே, கதையைத் திடீரென்று நிறுத்திவிட்டதாக வாசகர் சிலர் ஆசிரியரிடம் குறைப்பட்டனர். கல்கி தம் முடிவுரையில் அவர்களுக்கு விடையளிக்க வேண்டியதாயிற்று. கதைமாந்தர் பின்னர் என்ன ஆனார்கள் என்பதையும் அதில் தொட்டுக்காட்டினார். கதை தமக்கும் உரியது என்னும் எண்ணத்தை வாசகரிடம் வளர்த்தது தொடர்கதை என்னும் வடிவமே. இவ்வுண்மையை மறந்து 2023இன் ஏமாற்றத்தை மதிப்பிட இயலாது.

வரலாற்றைக் கல்கி கையாண்ட முறை

திரைப்படம் கல்கியை மாற்றியது என்பார் முதலில் நோக்க வேண்டியது, கல்கி வரலாற்றை எவ்வாறு மாற்றினார் என்பதாகும். ஆதித்த கரிகாலன் கொலை வரலாற்று நிகழ்ச்சி. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, அக்கொலையோடு தொடர்புடைய துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிக்கிறது. வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பதற்கும் தஞ்சைக் கல்வெட்டுச் சான்று உண்டு. ஆனால் நந்தினிக்கு எந்தக் கல்வெட்டிலும் இடமில்லை. பூங்குழலி, மணிமேகலை, ஊமைராணி மந்தாகினி ஆகியோரும் கற்பனை மாந்தரே. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் தொகுத்தளித்த சோழர் வரலாற்றின் இடைவெளிகளில் கல்கி இவர்களைக் குடியேற்றினார்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் மற்றுமோர் எடுத்துக்காட்டு. கடாரத்து அரசர் எடுப்பித்த அவ்விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததை, இன்று நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரின் பெயரால் வழங்கும் பெரிய செப்பேடு கூறுகிறது. இது இராசராசன் அரியணை ஏறி இருபது ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த கொடை. கல்கியோ அவன் இளவரசனாயிருந்த காலத்திலேயே அவ்விகாரத்தைக் கதைக்களமாக்கி, நோயுற்ற அருள்மொழிவர்மனை அங்கே தங்கவைக்கிறார். இத்தகைய மாற்றங்களை வாசகர் உவந்து ஏற்றனர். எனவே, மூலத்திலிருந்து விலகியது என்னும் ஒரே காரணத்தால் ஒரு படைப்பைக் குறைகூறுதல் பொருந்தாது. அவ்விலகல் எதற்குப் பயன்பட்டது என்பதே வினா.

தவிர்க்கவியலாத மாற்றங்கள்

இரு படங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடுகின்றன. 293 அத்தியாயங்களை இக்கால அளவுக்குள் அடக்கும்போது சில பகுதிகள் உதிர்ந்தே தீரும். புதினம் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில், குதிரைமேல் தனியே வரும் வந்தியத்தேவனோடு நிதானமாகத் தொடங்குகிறது. படமோ போர்க்களத்திலிருந்து கதையை எடுக்கிறது. ஆழ்வார்க்கடியானின் சைவ வைணவ வாதங்கள் சில நொடிகளாகச் சுருங்குகின்றன. கிளைக்கதைகளும் இடையிடையே ஆசிரியர் வாசகரை விளித்துப் பேசும் பகுதிகளும் மறைகின்றன. இவை குறித்த வருத்தம் இயல்பானது எனினும் திறனாய்வுக் குற்றச்சாட்டாக வலுப்பெறாது. வாசகர் உடன் நடந்து கேட்கும் குரல் எழுத்துக்கு உரியது. திரை அதனை வேறு வழியில்தான் ஈடுசெய்ய முடியும்.

சோழநாட்டின் மண்ணையும் நீரையும் காட்சிப்படுத்தியதில் படம் அவ்வாறு ஈடுசெய்யவும் செய்தது. நந்தினியின் தனிமையை ஐசுவரியா ராயின் முகத்தில் காண்பவர், எழுத்தில் பல பக்கங்கள் பெறும் மனநிலையை ஒரு பார்வையில் பெறுகிறார். இவற்றைக் குறிப்பிடாமல் இழப்புகளை மட்டும் கணக்கிடுதல் நடுவுநிலை ஆகாது.

கடம்பூர் மாளிகையின் இருள்

ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் மடியும் பகுதி, புதினத்தில் கல்கியின் கதைத்திறன் உச்சம் பெறும் இடங்களுள் ஒன்று. விளக்கணைந்த இருளில் கொலை நிகழ்கிறது. கொன்றவர் யார் என்பதை ஆசிரியர் உறுதிப்படுத்துவதில்லை. பின்னர்ப் பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். சம்புவரையர் மகள் மணிமேகலையும், தான் காதலிக்கும் வந்தியத்தேவனைக் காக்கத் தானே கொன்றதாகச் சொல்கிறாள். ஒரு கொலையைப் பலர் தமதாக்கிக்கொள்ளும் இந்நிலை, அரசியல் சூழ்ச்சியை அன்பின் சோதனையாக மாற்றிவிடுகிறது. கல்வெட்டு விட்ட ஐயத்தைக் கல்கி தீர்க்காமல், அதனையே கலையாக்கினார்.

திரைப்படம் கரிகாலனையும் நந்தினியையும் நேருக்கு நேர் நிறுத்தி, சாவை ஏற்க அவனே முன்வருவதாக அமைக்கிறது. காதற்றுன்பியலாக இக்காட்சி வலிமையுடையதே. ஆயினும் ஐயம் நீங்கியதால் பழியின் சுமையும் நீங்கிவிடுகிறது. மணிமேகலை படத்தில் முற்றிலும் இடம்பெறவில்லை. அவளை நீக்கியதைக் காலச் சிக்கனம் என்று விளக்கலாம். ஆனால் புதினம் அவள் மரணத்தோடுதான் முடிகிறது. அரசகுலத்தார் வென்ற கதையின் இறுதிப் பக்கத்தில், எதனையும் பெறாமல் தன்னை ஈந்த ஒரு பெண்ணைக் கல்கி நிறுத்தினார். ஐந்தாம் பாகத்திற்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயரிட்டது அருள்மொழிவர்மனை மட்டும் கருதியன்று என்பதற்கு அவளே சான்று. படத்தின் பிற்பகுதியில் அவளுக்கில்லாத நேரம் இராட்டிரகூடரோடு நடக்கும் போருக்குக் கிடைத்திருக்கிறது. வாசகரின் குறை இங்கே நியாயமுடையது.

மணிமுடியின் பொருள்

மிகப் பெரிய மாற்றம் மணிமுடி பற்றியது. புதினத்தில் மதுராந்தகன் எனப்படுபவன் செம்பியன் மாதேவியின் மகனல்லன்; மந்தாகினியின் மகன். செம்பியன் மாதேவியின் உண்மை மகன், தஞ்சையில் ஊமைப் பெண்ணொருத்தியால் வளர்க்கப்பட்டு, பூமாலை தொடுத்துத் தேவாரம் பாடி வாழும் சேந்தன் அமுதன். முடிசூட்டு விழாவில் அருள்மொழிவர்மன் தன் மணிமுடியை அவன் தலையில் சூட்டுகிறான். படகோட்டிப் பெண்ணான பூங்குழலி அவனை மணந்து பட்டத்தரசியாகிறாள். திரைப்படமோ குழந்தை மாற்றத்தை அடியோடு விலக்குகிறது. சேந்தன் அமுதன் சிறு பாத்திரமாக வந்து போகிறான். அருண்மொழி தன் சிற்றப்பன் மதுராந்தகனுக்கே முடியை அளிக்கிறான்.

இங்கு ஒரு முரண் உள்ளது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு, குடிகள் வேண்டியும் அருமொழிவர்மன், தன் சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை தான் அதனை மனத்தாலும் விரும்பவில்லை என்று கூறுகிறது. அதாவது, கல்கியிடமிருந்து விலகிய திரைப்படம் செப்பேட்டை நெருங்கியிருக்கிறது. வரலாற்றின் பெயரால் திரைப்படத்தைக் கண்டிப்போர் இவ்விடத்தில் நிற்க வழியில்லை.

எனினும் வாசகரின் ஏமாற்றம் பொய்யாகிவிடுவதில்லை. செப்பேடு கூறுவது ஓர் அரசகுலத்தின் உள்முறை: மூத்தவர் விரும்ப, இளையவர் விலகுகிறார். கல்கி அதனை வேறொன்றாக வளர்த்தார். அரசனாக வளர்க்கப்பட்டவன் ஆசையால் தகுதியிழக்கிறான். ஆசையே இல்லாத மாலைகட்டியிடம் மணிமுடி சென்று சேர்கிறது. அவன் பிறப்பால் உரியவன் என்பதும் உண்மை. ஆனால் வாசகர் மனம் அவனை ஏற்றது அவன் எளிமைக்காகவே. விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், குடியரசின் முதற்பொதுத்தேர்தல் நடந்த காலத்தில் எழுதப்பட்ட கதை இது என்பதை நினைத்தால், அம்முடிவின் கவர்ச்சி விளங்கும். பதவியை விரும்பி நின்ற மதுராந்தகனுக்கே முடி செல்லும்போது, தியாகம் அரசியல் இணக்கமாகச் சுருங்குகிறது. செம்பியன் மாதேவி மகனுக்கு முடி வேண்டாமென எதிர்த்து நிற்பதன் ஆழமான காரணமும் போய்விடுகிறது. மாறியது நிகழ்ச்சி மட்டுமன்று; நூலின் அறம்.

இதற்கு உலகச் சான்று ஒன்றைக் காட்டலாம். ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'லார்ட் ஆப் த ரிங்ஸ்' புதினத்தைப் பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக்கினார். டாம் பாம்படில் என்னும் பாத்திரம் நீக்கப்பட்டதைப் பல வாசகர் காலப்போக்கில் பொறுத்தனர். ஆனால் நூலில் மோதிரத்தின் ஆசைக்கு ஆட்படாது விலகும் பாராமிர், படத்தில் முதலில் அதனைத் தன் நாட்டுக்குக் கொண்டுசெல்லத் துணிவதாக மாற்றப்பட்டதை அவர்கள் எளிதில் ஏற்கவில்லை. நீக்கம் பொறுக்கப்படுகிறது, துறவின் பொருள் மாறுவது பொறுக்கப்படுவதில்லை. தமிழ் வாசகரின் உணர்வும் இதனோடு ஒத்திருக்கிறது.

கடாரத்து மண்ணில் நின்று

மலேசிய வாசகர்க்கு இப்புதினத்தோடு தனி உறவு உண்டு. அருள்மொழிவர்மனின் மகன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்திய கடாரம், இன்றைய கெடா மாநிலத்தோடு பொருத்திப் பேசப்படுவது. பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லியல் எச்சங்களைக் கண்டுவந்த மாணவன், சூடாமணி விகாரப் பகுதியைப் படிக்கும்போது தன் நாடும் இக்கதையின் ஓரத்தில் இருப்பதை உணர்கிறான். தோட்டத்திலிருந்து நகருக்கு வந்து பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வேரூன்றிய குடும்பங்களில், உழைப்பாளராகக் கப்பலேறிய நினைவுக்கு அப்பால் ஒரு தொன்மையை இப்புதினம் காட்டியது. அப்பெருமிதத்திற்குள் படையெடுப்பின் பெருமையும் கலந்திருப்பதை நாம் விழிப்போடு நோக்க வேண்டும். கல்கியின் கதை போர்வெற்றியில் முடியாமல் துறவில் முடிவது இவ்விடத்தில் நமக்கு ஒரு திருத்தமாக அமைகிறது. படம் போர்க்காட்சியை மிகுவித்து, துறவை மெலிவித்தது என்னும் குறை, ஆதலால் நம் மாணவர் முன்னிலையில் கூடுதல் பொருளுடையது.

வகுப்பறையில் பயன்கொள்ளல்

இனிவரும் மாணவருள் பெரும்பாலோர் படத்தைக் கண்டபின்னரே நூலை அறிவர். சிலர் படத்தோடு நின்றுவிடுவர். இதற்கு வருந்தி நிற்பதால் பயனில்லை. இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர் இதனை நல்வாய்ப்பாக்கலாம். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் பொருளுரை, புதினத்தின் முடிசூட்டுப் பகுதி, படத்தின் இறுதிக்காட்சி ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்து, 'யார் எதனைத் துறந்தார்? யார் பெற்றார்? பெற்றவர் அதனை விரும்பினாரா?' என்று வினவலாம். மணிமேகலை இல்லாமல் கதை எவ்வாறு முடியும் என்று எழுதச்செய்யலாம். இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் நூலைத் திறந்தே ஆகவேண்டும். 'படம் நன்றாயில்லை' என்னும் கருத்து அப்போது சான்றோடு கூடிய திறனாய்வாக வளரும்.

முடிவுரை

கதைச்சுருக்கத்திற்காகச் செய்த நீக்கங்களை வாசகர் பொறுத்தல் முறை. வரலாற்றைக் காட்டித் திரைப்படத்தைக் கண்டித்தல், கல்கி வரலாற்றைக் கையாண்ட முறையை நோக்கப் பொருந்தாது. ஆயினும் கடம்பூர்க் கொலையின் ஐயம், மணிமேகலையின் ஈகம், சேந்தன் அமுதனின் முடி ஆகிய மூன்றும் புதினத்தின் அறத்தைத் தாங்கும் தூண்கள். அவற்றை அகற்றிய படம் தனக்கென ஒரு செறிவைப் பெற்றிருக்கலாம். கல்கி கட்டிய தியாகச் சிகரத்தை அது பெறவில்லை. இம்மூன்றின் பொருட்டு எழும் ஏமாற்றம் நல்வாசிப்பின் அடையாளம். அதனை வளர்த்து மீண்டும் நூலிடம் ஆற்றுப்படுத்துவது தமிழாசிரியர் கடமை.