பாலவனத்தம் ஜமீனும் சுதேசிக் கப்பலும்: ஒரு மறுவாசிப்பு

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரைத் தமிழிலக்கிய வரலாறுகள் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவிய புரவலராகவே அறிமுகப்படுத்துகின்றன. 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்கு அவர் தலைவராக இருந்த செய்தி பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது. இப்பிரிப்பு ஏற்புடையதன்று. பத்து இலட்சம் ரூபாய் மூலதனத்தை ரூ.25 வீதம் 40,000 பங்குகளாகத் திரட்ட முனைந்த நிறுவனத்திற்கு முதலீட்டாளரின் நம்பிக்கை தேவைப்பட்டது; அதனை ஈட்டித் தரும் மதிப்பைத் தேவருக்கு ஜமீனோடு தமிழ்ச் சங்கமும் அளித்திருந்தது.

ஆயினும் அவரை விடுதலை வீரராக்கிவிடும் அண்மைக்காலப் புகழுரைகளும் அவசர முடிபுகளே. தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில் பிரிட்டிஷ் இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்தை எதிர்த்த வ.உ.சி.க்கு வாணிகமும் அரசியலும் வேறல்ல. 1908இல் அவர் பெற்ற இரட்டை ஆயுள் தண்டனை அதற்குச் சான்று. காலனியரசின் நிலவருவாய் ஏற்பாட்டுக்குள்ளேயே வாழ்ந்த ஜமீன்தாருக்கோ அவ்விரண்டும் ஒன்றாக இருந்திருக்க இயலாது. கப்பலுக்குச் சென்ற ஜமீன் பணம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் குடிகள் செலுத்திய தீர்வையிலிருந்து வந்தது. அக்குடிகளைப் பற்றி இலக்கிய வரலாறும் பேசுவதில்லை, விடுதலைப் போராட்ட வரலாறும் பேசுவதில்லை.