மாதவியின் இரண்டாவது ஓலை

தாப்பாவில் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளைக் கேட்டால், பின்னோக்கு உத்தி, நனவோடை உத்தி, கடித உத்தி என்று மளமளவென்று ஒப்பிப்பார்கள். பெயர்கள் மனப்பாடம். ஓர் உத்தியை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்க்கத்தான் பாட வேளையில் நேரம் இருப்பதில்லை. சுவைக்க வேண்டுமென்றால் நான் அவர்களைச் சிலப்பதிகாரத்துக்குத்தான் கூட்டிப்போவேன்.

சிலம்பு எல்லாருக்கும் தெரியும். 1964இல் வந்த பூம்புகார் படத்தைப் பார்த்த நம் பாட்டிமார்களுக்கும் தெரியும். திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் தன் படங்களில் வரும் ஒருவகைப் பொருளை 'மக்கஃபின்' என்பார். கதையில் உள்ளவர்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். அது உண்மையில் என்ன என்பது பார்க்கிற நமக்கு முக்கியமில்லை. சிலம்பு அதற்கு நேர் எதிர். உள்ளே இருக்கும் பரல் முத்தா மாணிக்கமா என்பதில் ஓர் அரசனின் உயிரே நிற்கிறது. அந்தப் பொருளைக் கதைக்குள் இளங்கோ கொண்டுவரும் இடம் இன்னும் அழகு. செல்வமெல்லாம் தொலைத்துவிட்டேன், நாணமாக இருக்கிறது என்கிறான் கோவலன். ஆடல் மகள் மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் வருந்துகிறான் போலும் என்று எண்ணிக்கொண்டு, மனைவி கண்ணகி முகம் மலர்ந்து தன் சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். மதுரையை எரிக்கப்போகும் பொருள், ஒரு பெண்ணின் தப்பான ஊகத்தாலும் தாராள மனத்தாலும்தான் வெளியே வருகிறது.

ஆனால் என் மனம் எப்போதும் போய் நிற்பது மாதவியின் ஓலையில்.

அவள் இரண்டு முறை எழுதுகிறாள். முதல் முறை வெண்தாழை மடலில், செம்பஞ்சுக் குழம்பு தொட்டு, பிச்சி அரும்பையே எழுத்தாணியாகப் பிடித்து எழுதுகிறாள். இளவேனில் முறை தெரியாத இளவரசன், நிலவும் நேர்மையில்லாதது என்று தன் பிரிவாற்றாமையை அதில் பொழிகிறாள். தோழி வசந்தமாலை அதைக் கொண்டுபோய்க் கடைவீதியில் நீட்டுகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். ஆடல் மகளுக்கு நடிப்பு புதிதா என்பது அவன் நினைப்பு.

இரண்டாவது ஓலை மதுரைக்குப் போகும் வழியில் வருகிறது. கொண்டுவரும் கோசிகனுக்கு எதிரே நிற்பவன் கோவலன்தானா என்று ஐயம். துயரத்தில் ஆள் உருமாறிப் போயிருக்கிறான். நீ கோவலனா என்று நேரே கேட்க வேண்டியதுதானே? கேட்பதில்லை. பக்கத்தில் ஒரு குருக்கத்திக் கொடி பந்தலில் படர்ந்து வெயிலுக்கு வாடி நிற்கிறது. குருக்கத்திக்கு மாதவி என்றும் பெயர். கோவலனைப் பிரிந்த மாதவியைப் போல நீயும் வாடினாயோ என்று கோசிகன் அந்தக் கொடியிடம் பேசுகிறான். கேட்டவன் திடுக்கிட்டு, என்ன சொன்னாய் என்று நெருங்கி வருகிறான். ஆள் தெரிந்துவிட்டது. ஒரு செடியை வைத்து ஒருவனை அடையாளம் காணும் இந்த நுட்பத்துக்கு எத்தனை முறை கைதட்டினாலும் எனக்குத் தீராது.

ஓலை கைக்கு வருகிறது. இந்த முறை பூவும் இல்லை, செம்பஞ்சும் இல்லை. மண் இலச்சினையில் தன் கூந்தலை அழுத்தி முத்திரை இட்டிருக்கிறாள். சேர்ந்து வாழ்ந்த நாளில் பழகிய எண்ணெய் வாசம் அந்த மண்ணிலிருந்து எழ, அவனால் ஓலையைக் கைவிட முடியவில்லை. ஓர் எழுத்தும் படிக்கப்படுவதற்கு முன்பே கடிதம் தன் வேலையில் பாதியை முடித்துவிட்டது.

பிரித்துப் படிக்கிறான். அடிகளை வணங்குகிறேன், என் தெளிவற்ற சொற்களை ஏற்க வேண்டும். பெற்றோருக்குச் செய்யும் பணியையும் விட்டு, குலமகளோடு இரவில் புறப்பட்டுப் போனீர்கள், என்ன பிழை என்று அறியாமல் நெஞ்சு தவிக்கிறது, தீர்த்துவையுங்கள். அவ்வளவுதான். நிலவு, வேனில், காதல் எதுவும் இல்லை. அவள்மேல் தீதில்லை, தீது என்னுடையது என்று அங்கேயே தெளிகிறான்.

இதற்குப் பிறகு இளங்கோ செய்வதுதான் உச்சம். கோவலன் அந்த ஓலையை அப்படியே திருப்பிக் கொடுத்து, இதை என் பெற்றோரிடம் சேர்த்துவிடு என்கிறான். சொற்கள் அவர்களுக்கும் பொருந்துகின்றனவாம். ஒரு கடிதம், மூன்று மனம்!

தாப்பாவைச் சுற்றிய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஊரிலிருந்து வரும் கடிதத்தை எழுத்துத் தெரியாதவர்கள் கிராணியிடமோ தமிழ்ப்பள்ளி வாத்தியாரிடமோ கொடுத்து வாசிக்கக் கேட்பார்கள். ஒருவர் பேருக்கு வந்தது லயத்தில் பக்கத்து வாசல்காரர்களையும் அழவைக்கும். பதில் எழுதுவதும் வாத்தியார்தான். இரவல் சொல்லில் தன் மனத்தை அனுப்புவது இங்கே ஒரு தலைமுறைக்குப் பழக்கமான காரியம்.

கவனித்துப் பாருங்கள், இந்த ஓலை கதையின் போக்கை மாற்றவே இல்லை. அவன் பூம்புகாருக்குத் திரும்பவில்லை. மறுபடியும் மதுரையை நோக்கித்தான் நடக்கிறான். சம்பவத்தை நகர்த்தும் பொறுப்பு சிலம்புக்கு. மாதவியைப் பற்றி அவனும் நாமும் வைத்திருந்த எண்ணத்தைப் புரட்டிப்போடும் பொறுப்பு ஓலைக்கு. இந்தப் பங்கீட்டில்தான் இளங்கோவின் கைத்திறனை நான் காண்கிறேன். கடைவீதியில் இவள் எழுத்தை நடிப்பென்று தள்ளியவன், பெற்ற தாய் தகப்பனிடம் தன் பிழையைச் சொல்ல நேர்ந்தபோது, அவள் எழுதியதைவிட உண்மையான சொல் தன்னிடம் இல்லையென்று அதையே அனுப்புகிறான்.