சாட்சியும் கலைஞனும்: கல்லூரி மன்றங்களில் மலையக எழுத்தாளர் உரை

மலையக எழுத்தாளர் ஒருவரைக் கல்லூரி மன்றமொன்றில் உரையாற்ற அழைக்கும் நாம் அவரிடம் எதனை எதிர்பார்க்கின்றோம்? உரை முடிந்ததும் எழும் வினாக்களே இதற்கு விடை தருகின்றன. கதையில் வரும் கங்காணி உண்மையில் வாழ்ந்தவரா, சம்பவம் எந்தத் தோட்டத்தில் நிகழ்ந்தது, லய வாழ்க்கை இன்றும் அத்தகையதா என்றே பெரும்பாலும் கேட்கப்படுகின்றது. கதை ஏன் அவ்விடத்தில் தொடங்கி அவ்விடத்தில் முடிகின்றது என்று கேட்போர் அரியர். எழுத்தாளர் வழக்கு மன்றத்துச் சாட்சியாக நிறுத்தப்படுகின்றார், கலைஞராக விசாரிக்கப்படுவதில்லை.

இந்நிலைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தோட்டத் தொழிலாளரிடையே கோ. நடேசய்யர் பேசியபோது, அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் பாடல்கள் வாயிலாக அவர்களைத் தட்டியெழுப்பினார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகத் தெரிவுசெய்யப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை கவிஞருமாவார். அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குரலிழந்த சமுதாயமொன்றில் எழுத்தாளன் சாட்சியாதல் இயல்பு. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் நம் நோக்கமன்று.

ஆயின் சாட்சியம் என்ற ஒன்றினால் மட்டும் சி. வி. அவர்களை அளந்துவிட முடியுமா? ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற கவிதை நூலை அவர் ஆங்கிலத்திலே எழுதினார். அதே கவிஞரே தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அவ்வாங்கில நூலைச் சக்தீ அ. பாலையா தமிழில் தந்தார். எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரால் வாசிக்கவியலாத மொழியை ஆசிரியர் தேர்ந்தமை ஏன்? வாய்மொழிப் பாடலின் ஓசை ஆங்கில அடிகளில் எவ்வளவு தங்கிற்று? மொழிபெயர்ப்பில் எது மீண்டது? இவையே திறனாய்வு கேட்க வேண்டிய வினாக்கள்.

1960களில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி ஆசிரியர்களாகிய இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்றோர் மலையக இளைஞரிடையே விழிப்புணர்வையும் எழுத்தார்வத்தையும் ஊட்டினர். அவ்வெழுச்சியில் மேடைப் பேச்சுக்குப் பெரும் பங்குண்டு. எனினும் மேடையின் தேவை வேறு, கதையின் தேவை வேறு. மேடை கேட்போரை ஒரு கருத்தின்கீழ்த் திரட்ட முயல்வது. கதையோ வாசகனைத் தனியே இருத்திச் சிந்திக்கச் செய்வது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964), தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974) ஆகிய நாவல்களை ஒப்பிட முனைவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு சொல்லை நோக்குவோம். தோட்ட வழக்கில் ‘பேர்’ என்பது ஒருநாள் வேலைக்குரிய பதிவையுங் குறிக்கும். கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. மனிதனின் பெயரும் அவனது நாட்கூலியும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இச்சொல்லை ஆசிரியர் அடிக்குறிப்பிட்டு விளக்குகின்றாரா, சூழலே பொருளுணர்த்த விடுகின்றாரா என்பது சிறு செய்தியன்று. அடிக்குறிப்பு வெளியார் ஒருவரை வாசகராகக் கொண்டது. அஃதில்லாத பக்கம் லயத்துப் பிள்ளையையும் வாசகராக ஏற்றுக்கொண்டது. தாம் யாருக்காக எழுதுகின்றார் என்பதனை ஆசிரியர் உரையில் எவ்வாறு கூறினும், அவரது பக்கம் வேறொன்றைக் கூறக்கூடும்.

மன்றத்திலே அமர்ந்திருப்போருள் தோட்டத்திலிருந்து வந்த மாணவர் பலர். அட்டைக்கடியையும் பெரட்டுக்களத்தையும் அவர்களுக்கு எவரும் சாட்சி கூறி அறிவிக்க வேண்டியதில்லை. துயரத்தைக் கூறினாற் போதும், கைதட்டல் கிடைக்கும் என்ற பாடத்தை அவர்கள் கற்றுச் செல்வராயின், நாளை அவர்கள் எழுதுவனவும் அத்துயரத்தின் நகல்களாகவே அமையும். இரக்கம் திறனாய்வின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது நட்டமடைவது அந்த இலக்கியமே.

எனவே, எழுத்தாளரை அழைக்குமுன் அவரது படைப்பொன்றையேனும் மாணவர் முழுமையாக வாசித்தல் வேண்டும். மாணவர் இருவர் தம் மதிப்பீட்டை முதலிற் கூற, ஆசிரியர் அதற்கு விடையிறுப்பாராக. கடிய வினாவொன்றை அவர்முன் வைப்பது அவமதிப்பன்று. அவரை எழுத்தாளராக ஏற்றுக்கொண்டமைக்கு அதுவே அடையாளம்.